இரண்டு வருஷ லீவு

அந்த போர்டைப் பாத்தீங்களா சார்? இப்ப பஸ் தாண்டுச்சே, இடது கைப் பக்கம், காலேஜ் வாசல்ல. ஒரு பட்டாளத்துக்காரன் சல்யூட் அடிக்கிறான், பின்னாடி கொடி பறக்குது, பக்கத்துல சேர்மன் கையக் கூப்பிக்கிட்டு நிக்கிறாரு. 'தேசம் காக்கும் கரங்களுக்கு எங்கள் வணக்கம்.' பட்டாளத்துக்காரன் மூஞ்சி கட்டைவிரல் அளவுக்கு இருக்கு, சேர்மன் மூஞ்சி லாரி டயர் அளவுக்கு இருக்கு. பாத்தாலே குமட்டுது சார். நிஜமாத்தான் சொல்றேன். காலைல அந்த வாசல் வழியாத்தான் உள்ள போனேன், அது வழியாத்தான் வெளிய வந்தேன். அதுலேர்ந்து வாயெல்லாம் ஒரே கசப்பு. டீ குடிச்சுப் பாத்தேன், போகல. வெத்தலை போட்டுப் பாத்தேன், அதுக்கும் போகல.

நீங்க என்ன சார் பண்றீங்க? வாத்தியாரா? ஸ்கூல்லயா, காலேஜ்லயா? ஸ்கூல்னா சரி. ஸ்கூல்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. காலேஜ்காரன்னா நான் இந்நேரம் பேச்சை நிறுத்தியிருப்பேன்.

என் பையனுக்கு லீவு குடுக்கல சார் அந்தக் காலேஜ். ஊர் சுத்தவா கேட்டான்? கல்யாணம் காதுகுத்துன்னு கேட்டானா? பட்டாளத்துல கூப்பிட்டிருக்காங்க சார், போகணும், ரெண்டு வருஷம் கழிச்சு வந்து விட்ட இடத்துலேர்ந்து படிச்சுக்கறேன், என் எடத்த மட்டும் வச்சிருங்கன்னு கேட்டான். இதுல என்ன தப்பு? குடுக்கல. போனவுடனே பேரை அடிச்சுட்டாங்க. அப்படிப்பட்டவனுங்க வாசல்ல போர்டு வச்சிருக்கானுங்க, வணக்கமாம் வணக்கம். சீ!

இருங்க, முன்னாடிலேர்ந்து சொல்றேன். திருச்சி போறவரைக்கும் நேரம் இருக்குல்ல.

என் பேரு கலியபெருமாள். ஒரத்தநாட்டுப் பக்கம். சிங்கப்பூர் போயி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. கப்பல் கட்டுற எடத்துல வெல்டருக்கு எடுபிடியாப் போனேன், இப்ப சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் வாரை மாட்டாம எவன் உள்ள வந்தாலும் திருப்பி அனுப்பிருவேன். ஒருதடவ மேனேஜரையே அனுப்பியிருக்கேன். மூஞ்சி செவந்துபோச்சு அந்தாளுக்கு. நான் அசரலையே. ரூல்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தானே சார்? ஆளுக்கு ஒண்ணுன்னா அதுக்குப் பேரு ரூலா?

பையன் பேரு எழிலன். ஒரே பையன். நாலு வயசுல அவனையும் அவங்கம்மா தமயந்தியையும் அங்க கூட்டிட்டுப் போயிட்டேன். குடும்பத்துக்கே பி.ஆர் வாங்கினேன். பி.ஆர்னா அங்க நிரந்தரமா இருந்துக்கலாம்ங்கிற அனுமதி, பாஸ்போர்ட் மட்டும் நம்ம ஊருது. அது கெடைச்சா எவ்வளவு வசதி தெரியுமா? அடுக்குமாடியில சொந்த வீடு வாங்கலாம். ஸ்கூல்ல எடம் கெடைக்கும். வேலை போனாலும் உடனே பெட்டியக் கட்டச் சொல்ல மாட்டான். ஒரத்தநாட்டுல வெயில்ல கெடந்தவனுக்கு எட்டாவது மாடியில வீடு, கடல் தெரியும் சார் சமையக்கட்டுலேர்ந்து. அந்த ஊர நான் ஒருநாளும் கொறை சொல்ல மாட்டேன்.

ஆனா அதுல ஒரு முள்ளு இருக்கு. அப்பன் மொதல்ல பி.ஆர் ஆனா அவனைக் கூப்பிட மாட்டாங்க. புள்ளைக்கும் வாங்கினோம்னா, ஆம்பளப் புள்ளையா இருந்தா பதினெட்டு வயசுல ரெண்டு வருஷம் பட்டாளத்துக்குப் போகணும். தேசிய சேவைன்னு பேரு, சுருக்கமா என்.எஸ். கையெழுத்துப் போடுறப்பவே சொல்லித்தான் போடச் சொன்னாங்க. புள்ளைக்கு நாலு வயசு, பதினெட்டு எப்ப வர்றது, அதுக்குள்ள எத்தனை ரூல் மாறும்னு நெனச்சேன். யாருதான் நெனைக்க மாட்டாங்க?

ரூல் மாறல சார். புள்ளைதான் வளந்துட்டான்.

அங்க பத்தாவது முடிச்சதும் நான் ஒரு வேலை பண்ணேன். ஊருக்குக் கூட்டியாந்து தஞ்சாவூர்ல பதினொண்ணாவது சேத்துட்டேன். கண்ணுல படாம இருந்தா மறந்துருவாங்கன்னு ஒரு கணக்கு. பட்டாள ஆபீஸ்லேர்ந்து கேட்டாங்க, படிப்புன்னு சொன்னேன். பன்னண்டாவது முடிக்கிற வரைக்கும் தவணை குடுத்தாங்க. முடிஞ்ச சூட்டோட இந்தக் காலேஜ்ல மெக்கானிக்கல் சேத்துட்டு, இன்னும் நாலு வருஷம் படிப்பு இருக்கு, முடியட்டும்னு எழுதிப் போட்டேன். காலேஜுக்கெல்லாம் தவணை கெடையாது, சேவைய முடிச்சுட்டுப் படிக்கச் சொல்லுங்கன்னுட்டாங்க. எல்லாரும் அப்படித்தான் போறாங்க, உங்க பையனும் அப்படித்தான்னு போன்ல ஒரு பொண்ணு எனக்கே பாடம் எடுக்குது. மரியாதையாத்தான் பேசுச்சு. அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல்.

கூட வேலை பாக்குற ஒருத்தன் சொன்னான், பையனோட பி.ஆரை வேணாம்னு எழுதிக் குடுத்துருண்ணே, தொல்லை விட்டுதுன்னு. குடுத்தா நாளைக்கு அப்பனோடத புதுப்பிக்கப் போறப்ப ஏன் எதுக்குன்னு கேப்பாங்களாம். வீடு என்ன ஆவறது? நான் ஏன் சார் விடணும்? ராப்பகலா ஒழைச்சு வாங்கினது. அவனையும் அனுப்பக்கூடாது, இதையும் விடக்கூடாது. நான் கேட்டது அவ்வளவுதான். பேராசையா இது? நீங்களே சொல்லுங்க.

மொத வருஷம் முடிஞ்சு லீவுக்கு எழிலன் ஒரத்தநாட்டு வீட்டுல இருந்தான். நானும் லீவுல வந்திருந்தேன். தமயந்தி தோசை ஊத்திட்டு இருந்தா. அவன் சாப்டுக்கிட்டே, ஏதோ சினிமாவுக்குப் போற மாதிரி சொல்றான்: "அப்பா, நான் என்.எஸ் போறேன். தேதி வந்துருச்சு."

கையில இருந்த தோசையத் தட்டுல போட்டேன். "யாரு உன்னப் போகச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. ஹஃபீஸ் போயிட்டான். ஜுன் ஹாவ் போயிட்டான். அங்க என்கூடப் படிச்ச எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"அவனுங்க ஊரு, அவனுங்க போறானுங்க. உனக்கென்ன?"

"அப்ப எனக்கு எதுப்பா ஊரு?"

பாத்தீங்களா கேள்விய? "இதுதான்டா உன் ஊரு, நீ உக்காந்து திங்கிற இந்த எடம்தான்"ன்னு தரையத் தட்டிக் காட்டினேன். அவன் சிரிக்கிறான் சார். "அப்ப அந்த வீட்டையும் பி.ஆரையும் விட்டுருவோமாப்பா? எல்லாரும் இங்கயே வந்துருவோம். நான் போகல"ங்கிறான். எடக்குப் பேச்சு. அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது? தமயந்தி அடுப்பைப் பாத்துக்கிட்டு நிக்கிறா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை எனக்குச் சாதகமாச் சொல்லணுமே! "அவன் கேக்குறதும் சரிதானேங்க"ன்னா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொன்னதுக்கு எதிரா அவ பேசினது அதுதான் மொதல். தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன்.

ஆனா ஒண்ணு சார், அவனுக்குப் படிப்பு மேல வெறுப்புல்லாம் இல்ல. அந்தக் காலேஜ் மேல உசுரு. லேத் பட்டறையில நிக்கிறதுன்னா சோறு தண்ணி வேணாம். மூணு பேரு சேந்து ஏதோ வயல்ல களையெடுக்குற வண்டி செஞ்சுக்கிட்டு இருந்தானுங்க, பாதியில நிக்குது. அதனால அவனே ஒரு லெட்டர் எழுதிக்கிட்டு பிரின்சிபாலைப் போய்ப் பாத்தான். ரெண்டு வருஷ லீவு, திரும்பி வந்து ரெண்டாம் வருஷத்துல சேந்துக்கறேன்னு. பிரின்சிபால் டாக்டர் வைத்தியலிங்கம், தங்கமாப் பேசினாராம். இந்த மாதிரி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல தம்பி, பாத்துட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் வான்னாராம். பையன் வீட்டுக்கு வந்தப்ப மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "குடுத்துருவாங்கப்பா"ங்கிறான்.

மறுநாள் நான் போனேன். அவனுக்குத் தெரியாது. உரக்கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்.

பிரின்சிபால் என்னை உக்கார வச்சு காபி வாங்கிக் குடுத்தாரு. "கவலப்படாதீங்க சார், படிப்ப நடுவுல நிறுத்தி வச்சுட்டு அப்புறம் தொடர யுனிவர்சிட்டியில வழி இருக்கு. நான் சிபாரிசு பண்ணி அனுப்பினா வந்துரும். நல்ல பையன், விட மாட்டேன்"ன்னாரு. நான் சொன்னேன்: "சார், அதச் சொல்லத்தான் வந்தேன். குடுக்காதீங்க. லீவு கெடையாதுன்னு சொல்லிருங்க. போனா சீட்டு போயிரும்னு தெரிஞ்சாத்தான் அவன் பயப்படுவான். பயந்தாத்தான் இருப்பான்."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "பையனுக்குத் தெரியுமா?"ன்னாரு. "தெரிய வேணாம். நமக்குள்ள இருக்கட்டும்"ன்னேன். "அப்பா நீங்க சொல்றீங்க, நான் என்ன சொல்றது. ஒரு லெட்டர் மிச்சம் எனக்கு"ன்னாரு. கை குடுத்துட்டு வந்தேன். நல்ல மனுஷன்னு அன்னைக்கு நெனச்சேன் சார். அந்த நெனப்புல மண்ணு விழ.

நீங்க என்ன சார் ஒரு மாதிரி பாக்குறீங்க? அப்பன் வேற என்ன பண்ணுவான்? புள்ள கெணத்தோரமா நடந்தா கையப் புடிச்சு இழுக்க மாட்டோமா? அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த வாரம் அவனைக் கூப்பிட்டு இல்லைன்னுட்டாங்க. இல்லைன்னு சொன்னதோட நிறுத்த வேண்டியதுதானே? பெரிய பிரசங்கம். வேற நாட்டு ராணுவத்துக்குப் போறவனுக்கு எங்க காலேஜ் லீவு குடுத்தா நாளைக்கு எவனாவது கேப்பான், உனக்கு நாட்டுப்பற்று இருக்கா, சேர்மனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு, பட்டறைப் பசங்க நாலு பேரு நிக்கிறப்பவே சொல்லியிருக்காரு. இதெல்லாம் நான் சொல்லச் சொல்லல சார். அவரா சேத்துக்கிட்டது. இல்லைன்னு சொல்லுங்கன்னா இல்லைன்னு மட்டும் சொல்லணும்.

பையன் வந்து சாப்பிடல. கூடத்துல வெறுந்தரையில படுத்துட்டான். நான் பக்கத்துல போய் உக்காந்தேன். "துரோகி மாதிரி பேசுறாங்கப்பா. ஒரு லீவு. எடத்த மட்டும் வச்சிருங்கன்னுதானே கேட்டேன்"னான். முதுகத் தடவிக் குடுத்தேன். "கெடக்குறானுங்கடா. நீ படிப்பைப் பாரு"ன்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டான். சரி, அடங்கிட்டான், இருந்துருவான்னு எனக்கும் நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு.

நான் வேலைக்குத் திரும்பின மறுவாரம், அம்மாவும் புள்ளையும் வந்து எட்டாவது மாடிக் கதவைத் தட்டுறாங்க. அவன் இன்னொரு லெட்டர் எழுதிக் காலேஜ் ஆபீஸ்ல குடுத்துட்டு, போறேன்னு சொல்லிட்டு வந்துட்டானாம். லீவு குடுக்காட்டியும் போறேன்னு. தமயந்திதான் டிக்கெட் போட்டிருக்கா. எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் இருக்கே! சீட்டு போச்சு, படிப்பு போச்சு, சொன்ன பேச்சு போச்சு. பேசறத நிறுத்திட்டேன் ரெண்டு பேர்கிட்டயும்.

அங்க ஒரு வழக்கம் சார். பட்டாளத்துல சேர்ற அன்னைக்கு அப்பா அம்மாவும் கூடப் போலாம். பாசிர் ரிஸ்ங்கிற எடத்துலேர்ந்து பஸ்ஸு, அப்புறம் படகுல தெக்கோங் தீவு. சுத்திக் காட்டி, புள்ளைங்க கூட உக்கார வச்சுச் சோறும் போட்டு அனுப்புவாங்க. எனக்கு ஓவர்டைம்னு சொல்லிட்டேன். அவங்க கெளம்பிப் போன பின்னாடி, சும்மா, என்னதான் நடக்குதுன்னு பாப்போமேன்னு பாசிர் ரிஸ் வரைக்கும் போனேன். கண்றாவி. குடும்பம் குடும்பமா நிக்குதுங்க. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, போட்டோ வேற. ஒரு சீன ஆளு, என்னாட்டம்தான் வெயில்ல வேலை பாக்குறவன்னு கையப் பாத்தாலே தெரியுது, பையன் தலையத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு நிக்கிறான். நாளைக்கு மொட்டை அடிச்சிருவாங்கல்ல. எனக்குத் தாங்கல. காபிக்கடையில உக்காந்து ஒரு காபி குடிச்சுட்டுத் திரும்பிட்டேன். தமயந்தி சாயங்காலம் வந்து, சப்பாத்தியும் பருப்பும் போட்டாங்க, நல்லா இருந்துச்சுன்னா. அங்க எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்கன்னா. யாரு கேட்டா, எதுக்குக் கேட்டாங்கன்னு நான் கேட்டுக்கல.

மொத தடவ லீவுல வந்தவன், வாரத்துல ஒருநாள் கக்கூஸ் கழுவுறோம்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். கக்கூஸ் சார்! அவன் கையில ஒரு தூசு படாம வளத்தேன். வீட்டுலயும் அதே. எந்திரிச்ச ஒடனே போர்வைய ஓட்டல்ல மடிக்கிற மாதிரி மடிக்கிறான், நான் உள்ள போறதுக்குள்ள கக்கூஸக் கழுவி வச்சிருக்கான். தமயந்தி அதப் பாத்துப் பூரிக்கிறா. எனக்கு வயிறு எரியுது. ஊர்ல எங்க அண்ணன் கேட்டாரு, பையன் எங்கப்பான்னு. கம்பெனி ட்ரெய்னிங்னு சொல்லி வச்சேன். சொல்றதுக்கே அசிங்கமா இருந்துச்சு.

ஆனா அந்த ரெண்டு வருஷமும் அவன் காலேஜை மறக்கல. கேம்ப்லேர்ந்து வந்தா சாப்டுக்கிட்டே ஆரம்பிச்சுருவான். "ஒரு லீவு குடுத்திருந்தா என்னப்பா கொறஞ்சுபோயிருக்கும் அவங்களுக்கு?" கூட வண்டி செஞ்ச பசங்க அத முடிச்சு வயல்ல ஓட்டியே காட்டிட்டானுங்க. அத போன்ல பாத்துட்டு, "வைத்தியலிங்கம் சாரு என்னை எல்லாரு முன்னாடியும் துரோகின்னாருப்பா"ம்பான். "அயோக்கியப் பயலுவ"ம்பேன் நானும். சும்மா சொல்லல சார், மனசாரத்தான் சொன்னேன். அந்த ஒரு விஷயத்துலதான் எனக்கும் அவனுக்கும் பேச்சே நடந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து அந்தக் காலேஜைத் திட்டுவோம். அந்த நேரம் நல்லா இருக்கும். எங்கப்பா மாதிரி எவனும் எனக்காகக் கோவப்பட மாட்டான்னு ஒருநாள் அவங்கம்மாகிட்ட சொன்னானாம்.

சேவை முடிஞ்சுது. திரும்பவும் சேத்துக்குவீங்களான்னு காலேஜுக்கு மெயில் போட்டான், பதிலே இல்ல. அங்கயே ஒரு யுனிவர்சிட்டியில எடம் கெடைச்சுது. நல்ல எடம், மெக்கானிக்கலேதான். ஆனா பன்னண்டாவது மார்க்ஷீட்டும் டி.சி.யும் இந்தக் காலேஜ்ல மாட்டிக்கிட்டிருக்கு. அத வாங்கத்தான் அப்பனும் புள்ளையும் வந்தோம். நீங்க வாங்கப்பா, நீங்க இருந்தாத்தான் நான் கோவப்படாமப் பேசுவேன்னு அவனேதான் கூப்பிட்டான்.

இன்னைக்குக் காலைல நடந்ததக் கேளுங்க. போனோம். கடுகடுன்னு இருப்பாங்கன்னு பாத்தா, வாசல்ல ஒரு பொண்ணு சந்தனம் குங்குமத்தோட நிக்குது! எவனோ பழைய பசங்க, எழிலன் யூனிஃபார்ம்ல நிக்கிற போட்டோவைச் சேர்மனுக்குக் காட்டியிருக்கானுங்க. சிங்கப்பூர் ராணுவத்துல நம்ம மாணவர்! விளம்பரத்துக்கு ஆச்சுல்ல? பிரின்சிபால் ரூம்ல போட்டோகிராபர், பொன்னாடை, ஒரு தட்டுல ஆப்பிள். அன்னைக்குத் துரோகி, இன்னைக்கு ஆப்பிள். பளபளன்னு ஒரு சால்வை, கத்தரிப்பூ கலர், அதப் புள்ள தோள்ல போட்டு, கையப் புடிச்சுக்கிட்டு கேமராவைப் பாத்துச் சிரிக்கிறாரு வைத்தியலிங்கம்.

எழிலன் சிரிக்கல. போட்டோ எடுத்து முடியறவரைக்கும் நேரா நின்னான். அப்புறம் மரியாதையாத்தான் கேட்டான்: "சார், என் பேரை அடிச்சுட்டீங்க. அப்புறம் எப்படி சார் நான் உங்க மாணவன்? அன்னைக்கு லீவு குடுத்திருந்தா இன்னைக்கு இங்கதானே படிச்சுக்கிட்டு இருப்பேன்?"

அந்த மனுஷனுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. போட்டோகிராபர் நிக்கிறான், ஆபீஸ்காரங்க நிக்கிறாங்க. என்னை ஒரு பார்வை பாத்தாரு. நான் கண்ணால வேணாம் வேணாம்ங்கிறேன். சொல்லிட்டாரு சார்.

"தம்பி, என் மேல பழியப் போடாதீங்க. நான் சிபாரிசு எழுதி ரெடியா வச்சிருந்தேன். உங்கப்பாதான் மறுநாள் வந்து, குடுக்காதீங்க, இல்லைன்னு சொல்லுங்கன்னு சொன்னாரு. இதோ நிக்கிறாரே, கேளுங்க."

எப்படி இருக்கு பாருங்க! நம்பிச் சொன்ன விஷயம் சார். நமக்குள்ள இருக்கட்டும்னு கை குடுத்துட்டு வந்த விஷயம். ஒரு ரகசியத்தக் காப்பாத்தத் தெரியாதவன் காலேஜ் நடத்துறான், பேருக்கு முன்னாடி டாக்டர் வேற. நாலு பேர் முன்னாடி பெத்த அப்பனக் காட்டிக் குடுத்தா இவனுக்கு என்ன கெடைக்குது? துரோகின்னா இவன்தான் துரோகி. அதான் சார் என் கசப்பு, இப்ப புரியுதா? இவ்வளவு நேரம் எதுக்குப் பொலம்புறேன்னு நெனச்சிருப்பீங்க.

எழிலன் சால்வைய எடுத்து நாலா மடிச்சான், எட்டா மடிச்சான், மேஜை மேல வச்சான். கையெழுத்துப் போட்டு மார்க்ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கிக்கிட்டு, தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு நடந்தான். நான் பின்னாடியே ஓடுறேன். சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நின்னான்.

"நீங்களாப்பா?"

"உன் நல்லதுக்குத்தான்டா."

"அன்னைக்கு நான் சாப்பிடாமப் படுத்திருந்தப்ப, பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. முதுகத் தடவிக் குடுத்தீங்களே."

"ஆமாடா. உன் பக்கத்துலதான் இருந்தேன். நான் எங்கடா போனேன்?"

அந்த லேத் பட்டறைப் பக்கம் திரும்பிப் பாத்தான். உள்ள மெஷின் ஓடுற சத்தம் கேக்குது. அப்புறம் சொன்னான்: "ரெண்டு வருஷமா இந்தக் காலேஜ் மேல கோவமா இருந்தேன்ப்பா. பாவம், அவங்க மேல ஒண்ணுமில்ல. அந்தக் கோவம் போயிருச்சு."

அப்பாடான்னு இருந்துச்சு சார் எனக்கு. போயிருச்சுன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான் பாத்தீங்களா? கத்துவான், குதிப்பான்னு பயந்துபோயிருந்தேன். ஒண்ணுமில்ல. பட்டாளத்துக்குப் போனதுல அந்த ஒரு பொறுமை வந்திருக்கு, அத ஒத்துக்கணும். என்ன இருந்தாலும் என் ரத்தம்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவுல சேந்துதான் வந்தோம். என் பெட்டிய அவன்தான் தூக்கினான், இதோ மேல அவன்தான் வச்சான். தண்ணி பாட்டில் வாங்கியாந்து என் கையில குடுத்தான். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்ப்பா. நீங்க எதுவும் சொல்ல வேணாம்"ன்னான். சொல்லிட்டு எறங்கினான். ஒண்ணுக்குப் போறான்னு நெனச்சேன். பாத்தா, முன்னாடி நின்ன பஸ்ஸுல ஏறிட்டான். அதுவும் திருச்சிதான், இதுவும் திருச்சிதான். சாயங்காலம் ஒரே பிளேன்லதான் போகணும். அப்புறம் எதுக்கு சார் தனித்தனியா? ஜன்னல் வழியாக் கையத் தட்டிக் கூப்பிட்டேன். திரும்பல. இரைச்சல்ல கேட்டிருக்காது. அதுக்குள்ள அந்த பஸ் கெளம்பிருச்சு.

அங்க கூட்டம் கம்மியா இருந்திருக்கும். காலை நீட்டி உக்காரலாம்னு போயிருப்பான். உசரமான பையன் சார், இந்த சீட்டெல்லாம் அவனுக்கு முட்டி இடிக்கும்.

கண்டக்டர் வந்துட்டாரு. நல்லவேளை, செங்கிப்பட்டி வர்றதுக்குள்ள வந்தாரு. இந்தாங்கண்ணே, திருச்சி ரெண்டு குடுங்க.

ஆங்? இல்லண்ணே, சார் வேற, அவரு தனியா எடுப்பாரு.

ஒண்ணு குடுங்க. ஒண்ணுதான்.